போர்வை விலகாத பாட்டு

பெனவ்தாவுக்கு மேல்வரிசைப் பற்கள் இரண்டு இல்லை. காரணம், இசை. இடது தொடையில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. அதுவும் இசைதான். வலது தோள்பட்டைக்குள் வேட்டைத் துப்பாக்கியின் ரவைகள் சில இன்னும் குடியிருக்கின்றன. மழைக்காலத்தில் குடைச்சல் எடுக்கும்போதெல்லாம் அவனுக்கு ஸெம்மோரா கச்சேரி ஞாபகத்துக்கு வரும். மற்ற ரசிகர்கள் கச்சேரி நினைவுகளை மனத்தில் வைத்திருப்பார்கள். இவன் உடம்பெல்லாம் வைத்திருந்தான்.

இத்தனைக்கும் அவன் யாரையும் அடித்ததில்லை. அடி வாங்குகிற ஜாதி. ரெலிசான் ஊருக்கும் மோஸ்தகானெம் ஊருக்கும் நடுவே மினி பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். ரசனையில் மட்டும் விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஓரான் நகரத்துப் பையன்கள் கீபோர்டு வைத்துக்கொண்டு பாடும் புதுப் பாட்டுகளைக் கேட்டால் காதுக்குள் ஈ புகுந்தது போலத் தலையை உதறுவான். ஒருமுறை கல்லூரிக்குப் போகிற பையன் ஒருவன் அப்படியொரு கேசட்டை நீட்டி, "அண்ணே, இதக் கொஞ்சம் போடுங்களேன்" என்றான். பெனவ்தா ஆள் அரவமில்லாத உப்பளத்துக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, "எறங்கு ராசா. காத்தாட நடந்துகிட்டே நீயே பாடிக்க" என்றான்.

அவனுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம்தான். மூச்சு ஒழுகும் கஸ்பா புல்லாங்குழல் இரண்டு, கெல்லால் மேளம் ஒன்று, நடுவில் பாட்டுக்காரி ஷேக்கா அவாலி. ஷேக்காவுக்கு வயது அறுபதுக்கு மேல். சிகரெட்டாலும் புழுதியாலும் பழுதான தொண்டை. சரளைக்கல் ரோட்டில் பஸ் இறங்குவது மாதிரித்தான் பாட்டு ஆரம்பிக்கும். கேட்கிறவனின் விலா எலும்பெல்லாம் ஆடும். அவளுடைய கேசட் அட்டையில் வேறு எவளோ ஒரு இளம்பெண்ணின் படம்தான் இருக்கும். அதைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர்கள் இல்லை.

அவள் பாட்டுகளிலேயே அவன் உயிரை வைத்திருந்தது 'செங்குதிரை' என்ற பாட்டின் மேல். கிணற்றடியில் ஒருத்தி காத்திருக்கிறாள். மாலையில் குதிரை மட்டும் தனியாக வருகிறது. கடிவாளம் தரையில் இழுபடுகிறது, சேணத்தில் ரத்தம். 'ஏறிப் போனவன் எங்கே, சொல்லு என் குதிரையே' என்கிறாள். குதிரை அவளைச் சமவெளிக்குக் கூட்டிப் போகிறது. இலந்தை மரத்தடியில் ஒரு உடல், முகத்தில் போர்வை. அவள் குனிகிறாள். போர்வையின் ஓரத்தைத் தொடுகிறாள்.

அதற்கு மேல் பெனவ்தாவுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது. செத்தவன் எங்கள் ஊர்க்காரன், கொன்றவன் உங்கள் ஊர்க்காரன் என்று ஊலாத் மர்ஸூக், ஊலாத் பர்கத் ஆகிய இரண்டு ஊர்களும் தாத்தன் காலத்திலிருந்து மல்லுக்கு நின்றன. கடைசி அடியில் பெயர் வருகிறது என்று பேச்சு. பெயர் வந்துவிட்டால் ஏதாவது ஒரு ஊர் தலைகுனிய வேண்டும். அதனால் அந்த இடம் வந்ததும் யாராவது ஒருவன் எழுந்து போய்ப் பர்ராஹின் கையில் நோட்டைத் திணிப்பான்.

பர்ராஹ் என்றால் பாட்டுக்காரியின் பக்கத்தில் நின்று கூவுகிறவன். காசு விழுந்ததும் அவன் கையைத் தூக்குவான். குழலும் மேளமும் நின்றுவிடும். கொடுத்தவன் பெயரையும் அவன் ஊரின் பெருமையையும் அடுத்த மலைக்குக் கேட்கும்படி கூவுவான், போகிற போக்கில் எதிரிக்கும் ஒரு குத்து வைப்பான். எதிரி சும்மா இருப்பானா? அவனும் கொடுப்பான். கூவலுக்கு எதிர்க்கூவல், அப்புறம் நாற்காலி. பெனவ்தாவிடம் இருந்த 'செங்குதிரை' கேசட்டுகள் எல்லாமே நாற்காலி உடையும் சத்தத்தோடுதான் முடியும். யலெல் கல்யாணத்தில் பதிவான கேசட்டில் கடைசியாக, "ஐயோ, என் பல்லு!" என்று ஒரு குரல் தெளிவாகக் கேட்கும். அது பெனவ்தாதான். பஸ்ஸில் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிச் சிரிப்பார்கள் பயணிகள். அவனும் போடுவான். என்ன இருந்தாலும் ஷேக்காவோடு சேர்ந்து பாடிய பெருமை.

அந்தக் கோடையில் ஹாஜ் மெக்கி தன் மகனுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை மர்ஸூக் ஊர், பெண் பர்கத் ஊர். ஒரே பந்தலில் இரண்டு ஊரும். பாட ஷேக்கா அவாலி.

"போகாதே" என்றாள் அவன் மனைவி ஹவாரியா.

"கேட்டுட்டு வந்துடறேன்டி. ஒரே ஒரு பாட்டு."

"போன தடவையும் ஒரே ஒரு பாட்டுத்தான். ஆஸ்பத்திரிக்கு மாசக்கணக்கா சூப்பு தூக்கிட்டு அலைஞ்சவ நான். இந்தத் தடவ கிழிஞ்சு வந்தா டாக்டர்கிட்ட போகாத. நானே தெச்சு விடறேன், சாக்குத் தெக்கிற ஊசியால."

"இந்தத் தடவ முடிவைக் கேக்காம விடமாட்டேன், ஹவாரியா. அந்தப் போர்வைக்கு அடியில யாரு இருக்கான்னு தெரியாமலே நான் செத்துப்போயிட்டா?"

"உனக்கு மேலயும் ஒரு போர்வை போட்டுடறேன். யாராவது பாட்டுக் கட்டட்டும்."

அஸர் தொழுகை முடிந்த சாயங்கால வெயிலில் பந்தல் நிரம்பியது. ஹாஜ் மெக்கி விவரமானவர். வாசலிலேயே நின்று துப்பாக்கிகளையும் கத்திகளையும் வாங்கி உரக்கிடங்கில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆட்டை முழுசாகச் சுட்ட இரும்புக் கம்பிகளை மறந்துவிட்டார். அவை பந்தலுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டு, ஒரு விருந்தாளி விடாமல் எல்லோருடைய பார்வையிலும் பட்டுக்கொண்டிருந்தன.

இடதுபக்கப் பாய்களில் மர்ஸூக் ஆட்கள். அவர்களுக்குத் தலைவன் டிராக்டர் மூசா, கழுத்தே இல்லாதவன். வலதுபக்கம் பர்கத் ஆட்கள், கசாப்புக்கடை தெய்யெப் தலைமையில். தேநீர்க் கெண்டிகள் சுற்றி வந்தன. சில கெண்டிகளில் தேநீரும் இருந்தது.

பெனவ்தா நேராகப் பர்ராஹ் ஷாரெஃபிடம் போனான். ஷாரெஃப் ஈர்க்குச்சி உடம்பு, பித்தளைத் தொண்டை. பெனவ்தா ஒரு சுருள் தினார் நோட்டை அவன் உள்ளங்கையில் வைத்தான். புது டயர் வாங்க வைத்திருந்த பணம்.

"அட, நம்ம மினி பஸ்ஸு! யாருக்குண்ணே கூவணும்?"

"யாருக்கும் இல்ல."

"அதென்ன யாருக்கும் இல்ல? மர்ஸூக்கா, பர்கத்தா? இல்ல, வூட்டுக்காரிக்கா? வெக்கப்படாம சொல்லு."

"பாட்டுக்கு. 'செங்குதிரை' முடியற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஷாரெஃப் நோட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "கூவறவனுக்கே காசு குடுத்து வாய மூடச் சொல்றியா? அண்ணே, மீன்காரன்கிட்ட போய் நாத்தம் இல்லாம மீனு கேக்கற மாதிரி இருக்கு."

"முடியுமா முடியாதா?"

"காசு வாங்கிட்டா முடியும். ஆனா ஒண்ணு, இத எப்படிக் கூவறது? இப்படியொரு கூவல் எங்கப்பன் காலத்துலயும் கிடையாதே."

பின்னால் உட்கார்ந்து சிகரெட் இழுத்துக்கொண்டிருந்த ஷேக்கா அவாலி தலையைத் திருப்பினாள். மருதாணிச் சிவப்பேறிய முடி, நெற்றியில் பச்சை குத்திய கோலம். "யாருடா இவன்?"

"மினி பஸ் ஓட்றவன், ஷேக்கா. பாட்டு முடிவைக் கேக்கணுமாம்."

அவள் பெனவ்தாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பல்லு எங்க விட்ட?"

"யலெல்ல, ஷேக்கா. உங்க பாட்டுலதான்."

"ஓ, அந்த 'ஐயோ' நீதானா? என் கேசட்டுல என்னைவிட நல்லாப் பாடினவன் நீ ஒருத்தன்தான்டா." புகையை ஊதினாள். "முடிவு இருக்கு. என் ஆத்தா எனக்குக் குடுத்தது. அதப் பாட ஒரு தடவகூட விட்டதில்ல, பாவிங்க."

பெனவ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வயது ஆம்பளை, தொந்தி வேறு. அவசரமாக மூக்கைச் சிந்தித் தூசி மேல் பழி போட்டான்.

ஷாரெஃப் மேடைக்கு நடுவில் போய் நின்று கையைத் தூக்கினான். "கேளுங்கய்யா கேளுங்க! இது மினி பஸ் பெனவ்தா குடுத்தது! எந்த ஊருக்கும் இல்ல, எந்த வம்சத்துக்கும் இல்ல, எந்தப் பொண்ணுக்கும் இல்ல! பாட்டுக்கே குடுத்தது! 'செங்குதிரை' முடியற வரைக்கும் வாயத் தொறக்கறவன்... வாயத் தொறக்கறவன்..." அவனுக்கே அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வாயத் தொறக்கறவன் கல்யாண வீட்டுச் சோத்துல மண்ணப் போட்டவன்!"

மூசா தெய்யெப்பைப் பார்த்தான். தெய்யெப் மூசாவைப் பார்த்தான். யாருக்கும் இல்லாத கூவல் என்றால் அது யாருக்கு வைத்த குத்து என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. முதலில் கோபப்படுகிறவன் மாட்டிக்கொள்வான் என்பது மட்டும் விளங்கியது. குழல்கள் எழுந்தன.

ஷேக்கா பாடினாள். கிணற்றடி வந்தது, குதிரை வந்தது. சேணத்து ரத்தம் என்ற இடத்தில் அவள் குரல் உடைந்து இரண்டாகப் பிரிய, குழல் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மேலே போயிற்று. தேநீர் ஊற்றியவன் ஊற்றிய நிலையிலேயே நின்றுவிட்டான், கிளாஸ் வழிந்து பாய் நனைவது தெரியாமல். மேடையோரம் குத்துக்காலிட்டிருந்த பெனவ்தாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. பற்கள் உதிர்ந்த இடத்தையும் கத்தி விழுந்த இடத்தையும் துப்பாக்கி வெடித்த இடத்தையும் பாட்டு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனது. இலந்தை மரம் வந்தது. உடல் வந்தது. அவள் குனிந்தாள். போர்வையின் ஓரத்தைத் தொட்டாள்.

ஷேக்கா மூச்சு வாங்க நிறுத்தினாள். கெல்லால் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில்தான் பெனவ்தா பார்த்தான். டிராக்டர் மூசா பூனை மாதிரி மேடையின் மறுபக்கம் வந்திருந்தான். ஷாரெஃபின் கை பின்னால் நீண்டிருந்தது. அதில் கற்றையாக நோட்டு. ஷாரெஃபின் நெஞ்சு எழும்பியது. பித்தளைத் தொண்டைக்குள் காற்று இறங்கியது. வலது கை உயரத் தொடங்கியது.

பெனவ்தா என்ன நினைத்தான் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவன் எதுவும் நினைக்கவில்லை. மேளக்காரனுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மர முக்காலி அவன் கைக்கு வந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் அடிக்காதவன். அதனால் எவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்ற கணக்கே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. முழு பலத்தோடும் சுழற்றினான்.

கச்சேரிக் கலவரங்களில் தழைத்து வளர்ந்த ஷாரெஃப் பாதி குனிந்துவிட்டான். முக்காலியின் விளிம்பு அவன் மூக்கில் பட்டு, பச்சை விறகு முறிகிற சத்தம் கேட்டது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முக்காலி பெனவ்தாவின் வேர்த்த கையை விட்டு நழுவிப் பறந்தது. கண்ணை மூடி, வாயைத் திறந்து, கடைசி அடியைத் தொடங்கப்போன ஷேக்கா அவாலியின் உதட்டில் போய் மோதியது.

அவள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் இறங்கி முழங்கை வரை ஓடியது.

"பர்கத்காரன் ஷேக்காவ அடிச்சிட்டான்டா!" என்று இடதுபக்கம் ஒருவன் அலறினான். பெனவ்தா இரண்டு ஊர்க்காரனும் இல்லை என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

மூசா முதலில் கையில் கிடைத்த கெண்டியை வீசினான். அதில் தேநீரே இருந்தது, கொதிக்கக் கொதிக்க. அது ஒரு கிழவரின் மார்பில் கொட்ட, அவர் மகன்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தெய்யெப் பந்தலுக்குப் பின்னால் ஓடி ஆட்டுக்கொழுப்பு சொட்டும் கம்பியோடு திரும்பி வந்தான். முதல் குத்து மூசாவின் மச்சானின் முன்கையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. அந்த ஆள் அதை உருவி எறிந்துவிட்டு, "என்னடா, என்னைப் பாத்தா ஆட்டுக்கறியாட்டமா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே தெய்யெப்பின் காதைக் கவ்வினான். காதில் ஒரு துண்டு திரும்பக் கிடைக்கவில்லை. யாரோ பந்தல் கயிற்றை அறுத்தார்கள். கனத்த கம்பளித் துணி இரண்டு ஊரின் மேலும் ஒரேயடியாக இறங்கியது. அதற்குப் பிறகு அடிக்கிறவனுக்கும் படுகிறவனுக்கும் ஊர் வித்தியாசமே இல்லாமல் போனது. அடியில் கண்மூடித்தனமாகக் கைகளும் கால்களும் புரண்டன. எலும்பு முறிகிற சத்தமும் பாத்திரம் நசுங்குகிற சத்தமும் கலந்து வந்தன. மாப்பிள்ளையின் வெள்ளை உடை சிவப்பாயிற்று. ஹாஜ் மெக்கி வெளியே நின்று, கல்யாண மண்ணை அள்ளித் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு, பூட்டிய உரக்கிடங்கின் கதவில் முதுகைச் சாய்த்திருந்தார். சாவிக்காக அவரை மிதித்தவர்களும் உண்டு. அவர் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாவு விழாததற்கு அந்தக் கிழ முதுகுதான் காரணம்.

பெனவ்தா ஷேக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். வழியில் முதுகில் யாரோ உலக்கையால் போட்டார்கள். அது பழகிய இடம்.

ரெலிசானுக்குப் போன பஸ்ஸில் டிக்கெட் கேட்க முடியாத கூட்டம். மூசாவின் மச்சான், காது குறைந்த தெய்யெப், வெந்த மார்போடு கிழவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஷாரெஃப். அடித்துக்கொண்ட இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் முனகின. வேறு வண்டி இல்லை. முன் இருக்கையில் ஷேக்கா, தலைத்துணியை வாயில் அமுக்கியபடி. பெனவ்தா ரோட்டைப் பார்த்து ஓட்டினான். அவள் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"ஷேக்கா" என்றான் கடைசியில். "நான் உங்கள அடிக்க நெனைக்கல."

அவள் கையசைத்தாள். ரோட்டைப் பார் என்றோ தொலைந்து போ என்றோ எடுத்துக்கொள்ளலாம்.

"எத்தன ராத்திரி படுத்துகிட்டு நெனச்சுப் பாத்திருக்கேன். யாரு அந்தப் போர்வைக்கு அடியில? புருஷனா, அண்ணனா, இல்ல விரோதியா? வண்டி ஓட்டும்போதுகூட..."

பின்னாலிருந்து தெய்யெப் கத்தினான். "டேய், வாய மூடிட்டு ஓட்டுடா! நீ ஒருத்தன் பாட்டு கேக்க ஆசப்பட்டு என் காது போச்சு!"

"ஒரு காது போதும்ணே உனக்கு" என்றான் மூசாவின் மச்சான். "நீ பாட்டு கேக்கற லட்சணத்துக்கு."

ஆஸ்பத்திரியில் ஷேக்காவின் மேலுதட்டில் தையல் போட்டார்கள். முன்பற்கள் இரண்டு எடுக்க வேண்டியிருந்தது. தையல் பிரிக்கும்வரை பேசவே கூடாது, பாடுவதைப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். மற்றவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு நீளமான தாழ்வாரத்து பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. பெனவ்தா அவள் பெஞ்சுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் வீங்கிய முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஷாரெஃபை விரலால் கூப்பிட்டாள்.

ஷாரெஃப் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டு, உதடு அசையாமல், அவன் காதில் ஏதோ சொன்னாள். நடுவில் வலியில் நிறுத்தி, மறுபடி சொன்னாள். ஷாரெஃப் நிமிர்ந்தான். பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினான். பஞ்சுக்குள்ளிருந்து வந்தாலும் அது பித்தளைதான். தாழ்வாரம் முழுக்க அதிர்ந்தது.

"கேளுங்கய்யா கேளுங்க! இது ஷேக்கா அவாலி குடுத்தது! இத்தன வருஷத்துல அவங்க குடுக்கற மொதக் கூவல்! மினி பஸ் பெனவ்தாவுக்கு! முடிவு எங்கிட்ட பத்திரமா இருக்குடா மகனே! ஒதடு ஆறினதும் பாடுவேன்! முழுசாப் பாடுவேன்! நீ இல்லாத ஊராப் பாத்துப் பாடுவேன்!"

பெனவ்தாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இருந்த ஒரே ஆசை போயிற்று, நிரந்தரமாக, ஊரறிய. ஆனாலும் அவனுக்கென்று இதுவரை யாரும் ஒரு கூவல் கொடுத்ததில்லை. வெட்கங்கெட்ட முகம் தானாகவே மலர்ந்தது. எழுந்து நெஞ்சில் கையை வைத்து, "சரிங்க ஷேக்கா" என்றான். "நியாயம்தான்."

"இரு இரு" என்று எழுந்தான் மூசாவின் மச்சான், கட்டுப் போட்ட கையோடு. "ஆஸ்பத்திரியில மொதக் கூவலு பஸ்காரனுக்கா? எங்க மர்ஸூக் என்ன செத்தா போச்சு? ஷாரெஃபு, எங்களுக்கு ஒண்ணு போடு!"

"போட்டுப் பாரு" என்றான் தெய்யெப். அவன் கை பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் கம்பத்தைப் பற்றியது. பாட்டில் ஆடியது. ஒரு நர்ஸ் வீரிட்டுக்கொண்டு ஓடினாள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளப்பட்டன.

பெனவ்தா இரண்டே எட்டில் ஷேக்காவின் பெஞ்சுக்கு முன்னால் போய், அவளுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றான். தையல் போட்ட அந்த வாயில் இனி ஒரு தூசிகூடப் படக் கூடாது. அவள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. கம்பம் உயர்ந்து அவனை நோக்கி வந்தது.

"மூஞ்சியில வேணாம்ணே" என்றான் பெனவ்தா. "வீட்ல திட்டுவா."